மொய் எழுதுற மாதிரி எழுதிட்டுச் செய்யுங்க



இந்தத் தடவை பயிர் பத்தி இல்லை, விளம்பரம் பத்தி எழுதப் போறேன். தேங்காய் வெட்டு முடிஞ்சு ரெண்டு நாள் கை ஓய்வா இருக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்குங்க.

எங்க பக்கத்து டவுனில் ஒரு தம்பி உள்ளூருக்குன்னே ஒரு இணையதளம் நடத்துறார். பஸ் நேரம், தேங்காய் விலை, வாடகை வீடு, எந்தக் கடையில வேலைக்கு ஆள் வேணும், எந்த ஊர்ல என்னைக்குக் காப்புக் கட்டு, எல்லாம் அதுல வரும். உள்ளூர்க் கடைக்காரங்க கொடுக்கிற விளம்பரம்தான் அவருக்கு வருமானம். "தட்டி வச்சா யாரும் நின்னு பார்க்கிறதில்லைங்கய்யா. அந்தக் காசை ஊர்ல நடக்கிற கண் முகாம், ரத்ததான முகாம், அன்னதானம்னு ஸ்பான்சர் பண்ணிடலாம்னு நினைக்கிறேன். நம்ம பேரும் பரவும், நாலு பேருக்கு நல்லதும் நடக்கும். சரியா வருமா?"ன்னு கேட்டார். ஊர் விழாக் குழுவில நானும் ஒருத்தன்கிறதால என்கிட்ட வந்திருக்கார்.

சரியா வரும் தம்பி, தாராளமா செய்யுங்கன்னேன். ஆனா நீங்க செய்யப்போறதுக்குப் பேரு தர்மம் இல்லை, மொய்னும் சொன்னேன். மொய்னு நினைச்சுச் செஞ்சா கொடுக்கிறவருக்கும் மரியாதை, வாங்குற ஊருக்கும் மரியாதை. தர்மம்னு சொல்லிக்கிட்டு விளம்பரம் தேடினா தர்மமும் கெடும், விளம்பரமும் கெடும். அவர்கிட்ட நின்னுக்கிட்டே சொன்னதை இங்க உட்கார்ந்து முழுசா எழுதுறேன். உங்களில் நிறையப் பேர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவங்க. உங்க கம்பெனியும் எங்கேயாவது ஒரு கிராமத்துக்குப் பேனரோட போயிருக்கும். அதனால இது உங்களுக்கும்தான்.

மொய்ன்னதும் பட்டணத்துக்காரங்களுக்குக் கல்யாண மண்டப வாசல்ல நோட்டோட உட்கார்ந்திருக்கிற மாமாதான் ஞாபகம் வருவார். எங்க பக்கம், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்துல, மொய் விருந்துன்னு தனியாவே ஒண்ணு உண்டு. ஆடி மாசம் பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி, பத்திரிகை அடிச்சு ஊரைக் கூப்பிடுவாங்க. கல்யாணமோ காதுகுத்தோ கிடையாது. மொய் வாங்குறதுக்காகவே வைக்கிற விருந்து. வர்ற பணத்தில் ஒருத்தர் போர் போடுவார், ஒருத்தர் கடை வைப்பார், ஒருத்தர் பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பார். கொடுத்தவர் நாளைக்கு விருந்து வைக்கும்போது வாங்கினவர் திருப்பிச் செய்யணும், முடிஞ்சா மேலே கொஞ்சம் போட்டு. செலவு குறையட்டும்னு பல பேர் சேர்ந்து ஒரே பந்தல்ல வைக்கிறதும் உண்டு. இப்ப நோட்டு எண்ணுற மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் பந்தலுக்குள்ள வந்தாச்சு.

மொய் நோட்டுல மூணு விஷயம் கட்டாயம் இருக்கும். பேரு, ஊரு, தொகை. "தொகையை விட்டுட்டு என் பேரை மட்டும் பெருசா எழுதுப்பா"ன்னு யாராவது கேட்டா பந்தலே சிரிக்கும். மொய் வச்சவர் "நான் தானம் செஞ்சேன்"னு சொல்லிக்கவும் மாட்டார். கொடுத்தது திரும்பி வரும்னு அவருக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும். அதனால வாங்குறவர் கூனிக்குறுக வேண்டியதில்லை, கொடுக்கிறவர் மீசையை முறுக்க வேண்டியதில்லை. இலையில உட்கார்ந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவாங்க.

ஸ்பான்சர்ங்கிறதும் இந்தக் கணக்குத்தான். கடைக்காரர் பணமோ பொருளோ தர்றார். ஊரு அவர் பேரை ஞாபகம் வச்சுக்குது, நாளைக்கு அவர் கடைக்குப் போகுது. இதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஆனா முகாம் பேனரைப் பாருங்க. பேரு இருக்கும், பேருக்கு முன்னால நாலு பட்டம் இருக்கும், கும்பிட்ட மாதிரி போட்டோ இருக்கும். எவ்வளவு கொடுத்தார்ங்கிறது மட்டும் இருக்காது. மொய் நோட்டுல தொகை இல்லாத பேரு எப்படிச் சிரிப்போ, இதுவும் எனக்கு அப்படித்தான் படுது.

கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு அது மேல தன் பேரை எழுதின கதை உங்களுக்குத் தெரியும். நம்ம ஊர்ல சிரிக்காதவங்க இல்லை. அதுக்காகப் பேரு போடுறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பேரு போடுற ஆசை ஆயிரம் வருசத்துக்கு முந்தியே இருந்ததுதான். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போறவங்க கோபுரத்தை அண்ணாந்து பார்த்துட்டு வந்துடுறாங்க. அடுத்த தடவை போனா குனிஞ்சு அடிப்பக்கத்துக் கல்லையும் பாருங்க. 1010 வாக்கில் அந்தக் கோயிலைக் கட்டி முடிச்ச ராஜராஜ சோழன், தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் மனைவிமார் கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது எல்லாத்தையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கார். ராஜாவோட பேரு இருக்கிற அதே கோயில் கல்லிலே மத்தவங்க பேரும் இருக்கு.

அந்தக் கல்லில் பேரோட நின்னுடலை. ஒரு விளக்கு எந்நேரமும் எரியணும்னா அதுக்கு 96 ஆடு. அந்த ஆட்டை எந்த இடையர்கிட்ட ஒப்படைச்சாங்க, அவர் தினம் எவ்வளவு நெய் அளக்கணும், அதை எந்த அளவையால அளக்கணும், எல்லாம் எழுதியிருக்கு. தினம் ஒரு உழக்கு நெய். ஆடு கிழடாகும், சாகும், குட்டி போடும். மந்தையோட எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதுக்குத்தான் அந்தக் காலத்துக் கல்வெட்டுல சாவா மூவாப் பேராடுன்னு ஒரு சொல் வரும். சாகாத, கிழடாகாத ஆடு. ஆடு வளர்க்கிற எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டப்ப சிரிப்பும் வந்துச்சு, மலைப்பும் வந்துச்சு.

யார் கொடுத்தது, எவ்வளவு, அதை யார் பார்த்துக்கணும், எத்தனை காலத்துக்கு. நாலும் அங்கே இருக்கு. நாம இப்ப அதுல முதல் ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்ச மூணையும் விட்டுட்டோம்.

விட்டா என்ன ஆகும்னு கஜா புயல்ல பார்த்தோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில கரையைக் கடந்துச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் கோரைப்புல் சாய்ஞ்ச மாதிரி சாய்ஞ்சு போச்சு. தென்னை திரும்பக் காய்க்க அஞ்சாறு வருசத்துக்கு மேல ஆகும். கரண்டு இல்லை, குடிக்கத் தண்ணி ஏத்த மோட்டார் ஓடலை. அந்த நேரத்தில் தமிழ்நாடு முழுக்க இருந்து ஜனங்க லாரி லாரியா சாமான் அனுப்பினாங்க. பேரே சொல்லாம தண்ணி கேனை இறக்கிட்டுப் போனவங்களை நாங்க சாகுறவரைக்கும் மறக்க மாட்டோம்.

அதுக்கு நடுவுல ஒரு வண்டியும் வந்துச்சு. எந்தக் கம்பெனின்னு இங்க வேண்டாம். ஒரு பை, அதுக்குள்ள அஞ்சு கிலோ அரிசி, மெழுகுவத்தி, பாய். பையில் கம்பெனி பேரு. ஓடு பறந்துபோன வீட்டு வாசல்ல நின்ன எங்க சின்னம்மாகிட்ட பையைக் கொடுத்தாங்க. போட்டோவில் பேரு தெரியலைன்னு பையைத் திரும்ப வாங்கி, திருப்பிப் பிடிச்சு, மறுபடி கொடுத்தாங்க. "கொஞ்சம் கையெடுத்துக் கும்பிடுங்கம்மா"ன்னும் சொன்னாங்க. சின்னம்மா கும்பிட்டுச்சு. அன்னைக்கு வேற வழி இல்லை. நாப்பது வருசமா நாலு பேருக்குச் சோறு போட்ட கை அது. அந்தப் போட்டோ எந்தெந்த ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கோ.

அந்த அரிசியை நான் குறை சொல்லலை. அன்னைக்கு அது வேணும். ஆனா அவங்க கொடுத்தது அஞ்சு கிலோ அரிசி, எடுத்துக்கிட்டுப் போனது அதைவிட அதிகம். மொய் நோட்டுல எழுதியிருந்தா எந்தப் பக்கம் பாக்கி நிக்குதுன்னு தெரிஞ்சிருக்கும்.

இப்ப நல்லா நடக்கிற ஒண்ணைச் சொல்றேன். கண் முகாம். மதுரையில டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில இருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். அவங்க கிராமத்து முகாமை நடத்துற முறையைப் பார்த்தா ஸ்பான்சருக்கு என்ன வேலைன்னு புரியும். உள்ளூர்ல யாராவது முகாமை ஏத்துக்கணும். அது லயன்ஸ், ரோட்டரி சங்கமா இருக்கலாம், ஒரு தொண்டு நிறுவனமா இருக்கலாம், ஒரு மில்லாவோ கம்பெனியாவோ இருக்கலாம். இடம் பிடிக்கிறது, நோட்டீஸ் அடிக்கிறது, ஆட்டோவில மைக் கட்டிச் சொல்றது, வரிசையைப் பார்த்துக்க ஆள் போடுறது, இந்தச் செலவெல்லாம் அவங்க பாடு. டாக்டர், நர்ஸ், கருவி ஆஸ்பத்திரி பாடு. கண்புரைன்னு தெரிஞ்சவங்களை அன்னைக்கே பஸ்ஸில ஏத்திக் கூட்டிட்டுப் போய், ஆபரேஷன் செஞ்சு லென்ஸ் வச்சு, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவாங்க. அப்புறம் ஒரு நாள் வந்து கண்ணைத் திரும்பப் பார்ப்பாங்க.

இந்த முறை ஒரே நாள்ல வந்துடலை. ஆபரேஷன் இலவசம்னு சொல்லியும் ஆரம்பத்தில் நிறையப் பேர் வராமலே இருந்திருக்காங்க. ஏன்னு பார்த்தா பஸ் காசு, அங்க சாப்பாட்டுச் செலவு, கூடப் போற மகன் மகளோட கூலி. வண்டியும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கூட்டம் வந்துச்சு. இலவசம்னு பேனர்ல எழுதுறது சுலபம். எங்க கிழவியை வீட்டு வாசல்ல இருந்து ஆபரேஷன் மேசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் செலவு. உள்ளூர் ஸ்பான்சரோட பணம் அந்த இடைவெளியில விழுந்தா அதுக்கு மதிப்பு அதிகம்.

அந்த முகாம் நோட்டீஸில் ஸ்பான்சர் பேரு இருக்கும், இருக்கட்டும். அவர் பங்கு எது, ஆஸ்பத்திரி பங்கு எதுன்னு எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் எண்ணிச் சொல்லலாம்: இத்தனை பேர் வந்தாங்க, இத்தனை பேருக்குக் கண்ணாடி, இத்தனை பேர் பஸ்ஸில் ஏறினாங்க. கண்ணு தெரிஞ்சு வீட்டுக்கு வர்ற கிழவி எந்தப் பேனரையும்விட நல்லா விளம்பரம் பண்ணும். டீக்கடையில, குளத்துப் படியில, நூறு நாள் வேலையில, எங்க உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சுத்தான்.

இதே ஆளுங்க ரத்ததான முகாம்ல சறுக்குறதைப் பார்த்திருக்கேன். தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், சுதந்திர தினம்னு ஒரே நாள்ல நாலு முகாம் வைப்பாங்க. பத்திரிகையில எண்ணிக்கை வரணும். ஆனா எடுத்த ரத்தத்தைப் பையைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோதான் வச்சிருக்க முடியும். தட்டணுக்கள்னா அஞ்சு நாள்தான். கொடுத்த ஆம்பிளை அடுத்து கொடுக்க மூணு மாசம் ஆகணும், பொம்பிளைக்கு நாலு மாசம். ஒரே நாள்ல ஊரே கொடுத்துட்டா அடுத்த மாசம் பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு யாரைத் தேடுறது? காலேஜ் லீவு விட்ட சித்திரை வைகாசியிலதான் ரத்தத்துக்கு அலைச்சல். ஸ்பான்சர் பண்றவர் முதல்ல ரத்த வங்கிக்குப் போன் போட்டு, "உங்களுக்கு எந்த மாசம் வேணும், எத்தனை யூனிட் வேணும்?"னு கேட்கணும். தன் கடைத் திறப்பு விழாவுக்குத் தோதான நாளைப் பார்க்கக் கூடாது.

இன்னொண்ணு, கொடுக்கிறவங்களுக்குப் பரிசு, குலுக்கல்னு அறிவிக்கிறது. காசு வாங்கிக்கிட்டு ரத்தம் கொடுக்கிறது 1998 ஜனவரியில இருந்து நம்ம நாட்டில தடை. அதுக்குக் காரணம் இருக்கு. ஆசை காட்டினா தன் உடம்புல இருக்கிற நோயை மறைச்சுட்டு வந்து படுக்கிற ஆளும் வருவார். அந்த ரத்தம் யாருக்கோ ஏறும். பழச்சாறும் பிஸ்கெட்டும் போதும். பரிசுக்கு ஒதுக்கின காசை வண்டி வாடகைக்குக் கொடுங்க.

பெரிய கம்பெனிகளுக்கு இதில் சட்டமே இருக்கு, உங்களில் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆவது பிரிவு. வருச லாபம் 5 கோடியோ, விற்றுவரவு 1000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ தொட்ட கம்பெனி, முந்தைய மூணு வருச லாபத்தோட சராசரியில 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். 2014 ஏப்ரல்ல இருந்து நடைமுறை. 2021 ஜனவரியில விதியைத் திருத்தினப்ப ஒண்ணைத் தெளிவா எழுதிட்டாங்க. தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர லாபம் தேடி ஸ்பான்சர் பண்ற செலவு அந்த 2 சதவீதத்தில் சேராது. அதாவது, விளம்பரம் வேணும்னா விளம்பரக் கணக்குல எழுது, சமூகப் பணின்னா அதுல விளம்பரம் தேடாதே. எங்க மொய் நோட்டு சொல்றதையேதான் சட்டமும் சொல்லுது. அந்தச் சட்டம் டவுன் தம்பியோட சின்ன இணையதளத்தைத் தொடாது. ஆனா நியாயம் பெரிய கம்பெனிக்கு ஒண்ணு, சின்னக் கடைக்கு ஒண்ணுன்னு கிடையாது.

சரி, உள்ளூர் இணையதளத்துக்கு வர்றேன். ஒரு சோப்புக் கம்பெனி ஊருக்கு வந்தா சோப்பை விக்கும், போயிடும். உள்ளூர் இணையதளம் விக்கிறது நம்பிக்கையை. அதில் போட்ட வாடகை வீட்டை நம்பி ஒருத்தர் முன்பணம் கொடுப்பார். அதில் போட்ட விலையைப் பார்த்து நான் வியாபாரிகிட்ட பேரம் பேசுவேன். அந்த நம்பிக்கை கெட்டா நாளைக்கு எந்த முகாமும் அதைக் காப்பாத்தாது. அதனால அவங்க மத்தவங்களைவிடக் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்.

முக்கியமா போன் நம்பர். முகாமுக்கு வர்ற கிழவன் கிழவி எல்லாரும் பதிவு மேசையில பேரு, வயசு, போன் நம்பர் கொடுப்பாங்க. எதுக்கு? ஆபரேஷன் தேதி சொல்றதுக்கு. கொஞ்ச நாள்ல அதே நம்பருக்கு பிளாட் வேணுமா, கடன் வேணுமான்னு போன் வந்தா, யார் கொடுத்திருப்பாங்கன்னு ஊருக்குத் தெரியாதா? ஒரு விஷயத்துக்குன்னு சொல்லி வாங்கின விவரத்தை அதுக்கு மட்டும்தான் பயன்படுத்தணும்னு 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்லுது. சட்டத்தை விடுங்க, வைத்தியத்துக்கு வந்தவங்க நம்பரை விக்கிறது விருந்துக்கு வந்தவங்க செருப்பைத் திருடுற மாதிரி. ஸ்பான்சர் பதிவு மேசைப் பக்கமே போகக் கூடாது. அந்த நோட்டு ஆஸ்பத்திரிக்காரங்க கையிலதான் இருக்கணும்.

அப்புறம் போட்டோ. மேடையை எடுங்க, பந்தலை எடுங்க, உங்க பேனரை எடுங்க. வாங்குறவர் முகத்தை அவரைக் கேட்காம எடுக்காதீங்க. கேட்கிறதும் பொருளைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்கக் கூடாது. பொருளைக் கொடுத்து முடிச்ச பிறகு கேளுங்க. வேண்டாம்னு சொல்ற தைரியம் அப்பத்தான் வரும்.

பணத்தைவிடப் பெருசா ஒண்ணு அவங்ககிட்ட இருக்கு. அது அவங்க தொழிலே. முகாம் எந்தத் தேதி, எந்தப் பள்ளிக்கூடம், என்னென்ன கொண்டு வரணும்னு போடலாம். எந்த ரத்த வங்கியில எந்த மாசம் தட்டுப்பாடுன்னு கேட்டுப் போடலாம். முகாம் முடிஞ்ச அன்னைக்கு வரவு செலவை ஒரு பக்கமாப் போட்டு, அதை அழிக்காம வச்சிருக்கலாம். எங்க ஊர்ல கல்லில வெட்டினது இன்னைக்கும் நிக்குது. இவங்க கல்லு வெட்ட வேண்டியதில்லை, ஒரு பக்கம் ஒதுக்கினாப் போதும். அடுத்த வருசம் வேற எவரும் ஸ்பான்சரா வந்தா, போன வருசம் என்ன நடந்துச்சுன்னு அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவார். எந்தப் பெரிய கம்பெனியாலும் செய்ய முடியாத வேலை இது. உள்ளூர்க்காரரால மட்டும்தான் முடியும்.

நான் இப்படிப் பேசினா எங்க குழுவிலயே ரெண்டு எதிர்ப்பேச்சு வரும். ஒண்ணு பெரியவங்க சொல்றது. வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாது, கணக்கு எழுதினா தர்மம் என்னத்துக்குன்னு. தன் சொந்தப் பணத்தைப் பேரு வேண்டாம்னு கொடுக்கிறவருக்கு அது சரி. அவரைக் கையெடுத்துக் கும்பிடுறேன், நோட்டையே நீட்ட மாட்டேன். பேரு போடச் சொல்றவருக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னா பத்தடிப் பேனர் எதுக்கு?

ரெண்டாவது இளவட்டம் சொல்றது. "தொகையை எழுதணும், கணக்குக் கேட்போம்னு சொன்னா எந்த ஸ்பான்சர் வருவான்? வர்ற லட்சுமியை விரட்டுறீங்க"ன்னு. இந்தப் பேச்சுல கொஞ்சம் நியாயம் இருக்கு. சின்னக் கடைக்காரர் ரெண்டாயிரம் கொடுத்துட்டு, இருபதாயிரம் கொடுத்தவர் பக்கத்துல தன் பேரு வந்தா கூச்சப்படுவார். ஆனா மொய் நோட்டுல நூறு ரூபாய் எழுதினவரும் இருக்கார், லட்சம் எழுதினவரும் இருக்கார். ஒரே பேனாவிலதான் எழுதுறோம். தொகைக்குக் கூச்சப்படுறவருக்குத் தொகை வேண்டாம், பொருளை எழுதுவோம். "மதியச் சாப்பாடு 150 பேருக்கு", "நோயாளிகள் வந்து போக ஒரு வேன்". இதில் யாருக்கு என்ன குறைச்சல்? கொடுத்ததைச் சொல்ல விருப்பம் இல்லை, பேரு மட்டும் பெருசா வேணும்னு ஒருத்தர் சொன்னா, அவர் வராம இருக்கிறதே நல்லது. ஒரு தடவை ஊர் ஏமாந்தா அடுத்து வர்ற நல்லவரையும் சந்தேகமாத்தான் பார்க்கும். அந்த நட்டத்தை எந்த ஸ்பான்சரும் ஈடுகட்ட மாட்டார்.

பேனர் அளவையும் சொல்லணும். 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில ஒரு கல்யாணப் பேனர் சரிஞ்சு, ஸ்கூட்டர்ல போன 23 வயசுப் பொண்ணு மேல விழுந்து, பின்னால வந்த லாரியில சிக்கி அந்தப் பொண்ணு செத்துப் போச்சு. பேப்பர்ல படிச்சப்ப வயிறு கலங்குச்சு. கிராமத்து ரோடு இன்னும் குறுகல். வளைவுல பேனர் கட்டினா எதிர்ல வர்ற டிராக்டர் தெரியாது. முகாம் நடக்கிற இடத்துல ஒரே ஒரு துணிப் பேனர் போதும். முகாம் முடிஞ்ச அன்னைக்கே ஸ்பான்சரே அவிழ்த்துட்டுப் போகணும். மிச்ச பேனர் காசுக்கு எத்தனை பேருக்குச் சோறு போடலாம்னு சமையல்காரரைக் கேட்டா உடனே சொல்லிடுவார்.

காலத்தையும் பாருங்க. சித்திரையில நீர்மோர்ப் பந்தல் திறப்பாங்க. முதல் நாள் மோர், தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, போட்டோ. பத்தாம் நாள் பானையில பல்லி. பேனர் மட்டும் புரட்டாசி மழை வரைக்கும் நிக்கும். ஒரு நாள் திருவிழாவா செய்யிறதைவிட, தாலுகா ஆபீஸ் பஸ் ஸ்டாப்புல ஒரே ஒரு பானை, அறுபது நாளும் தண்ணியோட இருக்கட்டும். தினம் நிரப்புற ஆள் பேரையும் பானைப் பக்கத்துலயே எழுதுங்க. இடையர் பேரைக் கல்லில வெட்டினாங்களே, அந்த மாதிரி. ஒரு சின்ன இணையதளத்துக்கு இது கட்டுப்படியாகும். அறுபது நாளும் தாகத்தோட வர்ற ஆளு அந்தப் பேரை அறுபது தடவை படிப்பார்.

ஆக, எங்க குழுவில நான் வச்சிருக்கிற யோசனை இதுதான். யார் ஸ்பான்சர் பண்ண வந்தாலும் ஒரு நோட்டு. அதுல பேரு, கொடுக்கிற பொருள் அல்லது தொகை, எத்தனை நாளைக்கு, யார் பொறுப்பு. இந்த நாலையும் பேனரிலயும் அதே அளவு எழுத்துல போடணும். முடிஞ்ச ஒரு வாரத்துல வரவு செலவு கோயில் வாசல் பலகையில. பேரு போடுறதுல ஊருக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. நல்லாச் செஞ்சவர் கடைக்கு நாங்க கூடப் பத்து ரூபாய்னாலும் போவோம். மொய் வாங்கினவன் திருப்பிச் செய்யாம இருக்கிறது எங்க பக்கத்து வழக்கம் இல்லை.

பட்டணத்து நண்பர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு கிராமத்துக்குப் போகப் பேச்சு வந்தா, டீ சர்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்க: உங்களுக்கு என்ன வேணும், எந்த மாசம் வேணும், நாங்க போன பிறகு அதை யார் பார்த்துக்குவாங்க? நடவு நேரத்துல வந்து எங்களை மேடைக்கு முன்னால உட்கார வைக்காதீங்க. உங்க பேரு வேணும்னா வேணும்னு நேரடியா சொல்லுங்க, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம். கும்பிடச் சொல்லாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க.

வர்ற ஆடியில எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கண் முகாம் வைக்கலாம்னு பேச்சு நடக்குது. தம்பி வர்றதா சொல்லியிருக்கார். இன்னும் ரெண்டு கடைக்காரங்களும் கேட்டிருக்காங்க. நூறு பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, கோடு போட்டு வச்சாச்சு. யார் பேரு முதல் பக்கத்துல வந்தாலும் சரி, அதுக்கு நேரே தொகைக் கட்டம் காலியா இருக்கக் கூடாது.